மாடி டேங்கில் ஒரு குச்சி

என் வீட்டில் அளப்பதற்கு இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று இன்ச் டேப். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் இத்தனை வருடமும் ஏற்காட்டில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தேன். இன்னொன்று மாடி ஏணியின் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் மூங்கில் குச்சி. டேங்க் மூடியைத் திறந்து குச்சியை அடிவரை விட்டு எடுத்தால், எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். போன கோடையில் இன்ச் டேப்பைவிட அந்தக் குச்சியைத்தான் நான் அதிகம் தொட்டேன்.

ரெடிமேடு சீருடைகள் வர ஆரம்பித்தபோது, சேலத்திலிருக்கும் என் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "மாமா, மேல ஒரு ஊடு எடுத்து வாடகைக்கு உட்டுருங்க. அப்பறம் மெஷின மிதிக்கோணும்னு இல்ல, கால ஆட்டிக்கிட்டு உக்காந்துக்கலாம்." கையிலிருந்ததையும் மனைவியின் நகையையும் போட்டு மாடி கட்டினோம். கீழே நாங்கள். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். கால் ஆட்டுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்று மச்சான் சொல்லவில்லை. போர் போட்டுப் பார்த்தோம். புழுதிதான் வந்தது.

எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. தலைக்கு மேலே காப்பி எஸ்டேட். அதற்குள்ளே பாறைக்கடியில் ஓர் ஊற்று. எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டு, அந்த ஊற்றிலிருந்து கறுப்பு ஹோஸ் இழுத்திருக்கிறோம். எங்களுக்கும் எங்களுக்குக் கீழே சரிவிலிருக்கும் வீட்டுக்கும் அந்த ஒரே லைன்தான். ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் கீழ் வீட்டு முறை. இந்த மலையில் இப்படி முறை மாற்றுவதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மேட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வால்வைத் தொடவே மாட்டார்கள். பள்ளத்து வீட்டுக்காரர் தன் வால்வைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பள்ளத்துக்குப் போய்விடும், மேட்டு வீட்டு மாடிக்கு ஏறாது. அவர் மூடினால் மறுபடி ஏறும். ஆகவே என் வால்வு வருடக்கணக்காகத் திறந்தே கிடந்து துருப்பிடித்துப் போயிருந்தது. இனி அதைத் திருப்பினால் கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிடும்.

மேல் வீட்டில் இருந்தவர்கள் சேலத்துக்காரர்கள். அவர் ஒரு ஹோட்டலில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து பகலெல்லாம் தூங்குவார். மனைவியும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையும். வாடகை தவறியதில்லை. தலைக்கு மேல் சத்தம் கேட்டதில்லை. வாடகைக்கு வருபவர்களில் இதைவிட நல்லவர்கள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று முதல் வருடம் நினைத்திருந்தேன்.

மாசி மாதத்தில் டேங்க் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தது. எங்கள் முறையில் நிரம்பி வழிந்த டேங்க், மறுநாள் மத்தியானம் குழாயைத் திறந்தால் காற்றைத் துப்பியது. மேல் ரோட்டில் லாரியை நிறுத்தி, அங்கிருந்து ஹோஸ் விட்டு டேங்கை நிரப்ப வேண்டியதாயிற்று. முதல் லாரிக்குப் பேசாமல் கொடுத்தேன். இரண்டாவது லாரிக்குப் பாதியை மேல் வீட்டில் கேட்கும்படி மனைவியை அனுப்பினேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

"ஒண்ணுமே சொல்லலியா?" என்றேன்.

"ஒண்ணுமே சொல்லலீங்க. அதுதான் எனக்கும் ஒரு மாதிரியா இருக்குது. நானா இருந்தா நாலு கேள்வி கேட்டிருப்பேன்."

அந்த மௌனம் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரை எடுத்தவர்கள்தானே கேள்வி கேட்காமல் பணம் கொடுப்பார்கள்?

அதிலிருந்து என் காது மாடிக்கு ஏறிவிட்டது. மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டால் கால் நின்றுவிடும். மூடும் சத்தம் வரும்வரை கையில் துணியைப் பிடித்தபடி இருப்பேன். அடுப்படியிலிருந்து மனைவி சிரிப்பாள்.

"மெஷினு நின்னுச்சுன்னா எனக்குத் தெரியுமுங்க, காது மேல போயிருச்சுன்னு. இப்படித் தெச்சீங்கன்னா அந்தச் சட்டைக்கு ரெண்டு கையும் ஒரே பக்கமா வந்துரும்."

சிரித்தாலும் அவளுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. வெள்ளைப் படுக்கை விரிப்புகளை முதலில் கவனித்தவள் அவள்தான். தினமும் காலையில் மேல் வீட்டு பால்கனிக் கம்பியில் இரண்டு மூன்று பெரிய வெள்ளை விரிப்புகள் தொங்கின. ஹோட்டல் விரிப்புகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் துணியோடு வாழ்ந்தவன், அந்த நெசவு வீட்டுக்கு வாங்குவது இல்லை. சாயங்காலம் காணாமல் போய்விடும். மறுநாள் மறுபடி தொங்கும்.

"ஹோட்டல் துணிய ஊட்டுக்குக் கொண்டாந்து தொவைக்கிறாங்க போல இருக்குதுங்க. கூலிக்கு."

எனக்கும் அதே எண்ணம்தான் வந்திருந்தது.

ஒரு நாள் அவர்கள் குளியலறைக் குழாயில் வாஷர் மாற்றப் போனேன். உள்ளே மூன்று நீல ட்ரம்கள். மூன்றும் விளிம்புவரை நிரம்பியிருந்தன. கீழே என் மனைவி குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் குழம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் கதவருகே நின்று என்னையே பார்த்தாள். நான் ட்ரம்மைப் பார்ப்பதைப் பார்த்தாள். நான் பேசுகிற ஆள் இல்லை. வாஷரைப் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கீழ் வீட்டுக்காரர் அப்படியில்லை. வாய் ஓயாதவர். சேலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இங்கே வீடு கட்டி, நாலு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். மாலையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வார்.

"ஏனுங்க டெய்லர், மறுபடி லாரியா? நான் இந்த வருசம் லாரியக் கூப்பிடவே இல்லீங்க. ஊத்து நல்லாத்தான் வருது. உங்க தண்ணிய யாரு குடிக்கிறாங்கன்னு கொஞ்சம் மேல பாருங்க."

"பாத்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன்."

"பாத்தா பத்தாதுங்க. மாச வாடகைங்கறதே வம்புங்க. அவங்களுக்குத் தண்ணி இலவசம், நமக்குத் தலைவலி. சீசன் வருது. காலி பண்ணச் சொல்லிப்போட்டு, என்னாட்டம் ரூமா உடுங்க. ரெண்டு மாசத்துல வருசத்துக்குச் சம்பாரிச்சுக்கலாம்."

"எப்படிங்க சொல்றது?"

"தங்கச்சி குடும்பம் வருது, ஊடு வேணும்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்றதுதானுங்க."

சித்திரை பிறந்துவிட்டால் ஏற்காட்டில் மாத வாடகைக்கு வீடு கிடைக்காது. கிடைக்கிற ஒவ்வொரு அறையும் சீசனுக்குப் போய்விடும். அந்தக் குடும்பத்தை வெளியே அனுப்பினால் அவர்கள் சேலத்துக்குத்தான் போக வேண்டும். ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர் தினமும் மலை ஏறி இறங்க முடியாது. வேலை போகும். குழந்தையின் பள்ளிக்கூடமும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாவது லாரி வந்த அன்று, அவர் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்துப் படிக்கட்டில் நின்றேன்.

"வாங்க. வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்கண்ணா. ஏனுங்க, இங்க நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. ஊடு கொஞ்சம் தேவைப்படுது. தங்கச்சி குடும்பம் வருது."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்தத் தங்கச்சிங்கண்ணா? உங்க ஊட்ல நீங்க ஒருத்தருதான், கூடப் பொறந்தவங்க யாருமில்லீன்னு அக்கா சொல்லுச்சுங்களே?"

"சித்தப்பா புள்ளைங்க" என்றேன். எனக்குச் சித்தப்பாவும் கிடையாது.

அவர் சிரிக்கவில்லை. "எப்பங்க வேணும்?"

"மாசக் கடைசிக்குள்ள."

"சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்த வாரக் கடைசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று பேரும் சேலத்துக்குப் போனார்கள். வீடு பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மனைவி சொன்னாள், "போனது போனாங்க, ரெண்டு நாளைக்காச்சும் டேங்கு நெறையா இருக்கும்." அன்று எங்கள் முறை. டேங்க் நிரம்பி, வழிகிற குழாய் வழியாக முற்றத்தில் விழுந்தது. குச்சியை விட்டேன். முழுக்க நனைந்தது. இனிமேல் நாங்கள் இருவர் மட்டும்தான். குறைந்தால் எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம். குறையாவிட்டால், மேல் வீட்டுக்காரர்கள்தான் என்று நிச்சயமாகிவிடும். நிச்சயமாக வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். பொய் சொல்லி வெளியே அனுப்புகிறவனுக்கு ஒரு காரணமாவது கையில் இருக்க வேண்டுமே.

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு ஏணியில் ஏறினேன். குச்சியை விட்டேன். பாதிதான் நனைந்தது.

மறுபடி விட்டேன். பாதிதான்.

மேல் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. நானும் அவளும் சேர்ந்து நாலு குடம்கூடச் செலவழிக்கவில்லை. முதலில் அவர்கள் குழாயைத் திறந்து விட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. வேண்டுமென்றே, வஞ்சம் வைத்து. ஜன்னலில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே சத்தமே இல்லை. டேங்கில் வெடிப்பு இருக்குமோ என்று சுற்றிலும் தடவிப் பார்த்தேன். தூசிதான் ஒட்டியது, ஈரம் இல்லை. வேறு வழியில்லாமல் டேங்கின் வாயில் கையைத் தோள்வரை உள்ளே விட்டுத் துழாவினேன். ஊற்று லைனின் குழாய் மேலிருந்து உள்ளே வந்து, அங்கிருந்து ஒரு துண்டு ஹோஸ் டேங்கின் அடிவரை தொங்கும். அதைப் பிடித்து, தண்ணீருக்கு வெளியே வராதபடி மேலே இழுத்து, அதன் வாயருகே விரலைக் கொண்டுபோனேன். தண்ணீர் அதிலிருந்து வெளியே வர வேண்டும். அல்லது சும்மா இருக்க வேண்டும். அது என் விரலை உள்ளே இழுத்தது.

பால் குடிக்கிற கன்றுக்குட்டி விரலைக் கவ்வுமே, அப்படி.

அந்த ஹோஸை மாட்டியவன் நான்தான். தை மாதத்தில், அந்தப் பெண் ஒரே ஒருமுறை என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். "ஏனுங்கண்ணா, டேங்குல தண்ணி விழுகிற சத்தத்துல அவருக்குப் பகல்ல தூக்கமே வர மாட்டேங்குதுங்க. நொம்ப சிரமப்படறாரு." மறுநாள் ஒரு முழம் ஹோஸ் அதிகமாகவே வாங்கி வந்து, குழாயின் நுனியில் மாட்டி, அடிவரை இறக்கிவிட்டேன். தண்ணீர் விழுவதற்குப் பதிலாக உள்ளே ஊறியது. சத்தம் நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் ஒரு புகாரைத் தீர்த்துவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

குழாயின் வாய் வெளியே இருந்தவரை அதற்குக் காற்றுதான் கிடைத்தது. தண்ணீருக்குள் மூழ்கிய பிறகு கதை மாறிவிட்டது. கீழ் வீட்டில் வால்வைத் திறந்தவுடன், ஊற்றுத் தண்ணீர் கீழே இறங்குகிற இழுப்பில் என் டேங்கும் அந்த ஹோஸ் வழியாகவே பின்னால் திரும்பி அவர் வீட்டுக்கு இறங்கியிருக்கிறது. வால்வை மூடுகிற வழக்கமும் எனக்கு இல்லை.

நிமிர்ந்து கீழே பார்த்தேன். அன்று அவர் முறை. அவர் வீட்டு டேங்க் நிரம்பி வழிந்து, தண்ணீர் ஒரு குழாய் வழியாக அவருடைய மிளகுக் கொடிகளின் குழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது என் மூன்று லாரி.

ஹோஸைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினேன். குழாய் ஒரு பெரிய மிடறு காற்றை விழுங்கியது. பிறகு கடகடவென்று உள்ளே ஏதோ ஓடி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் மிளகுக் குழிக்குப் போகும் தண்ணீர் மெலிந்தது. விரல் தடிமன் ஆயிற்று. பிறகு சொட்டு.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஏணியின் பாதியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப மேல இருந்தவங்க எடுக்கலீங்களா?"

"இல்லைங்கறேன்."

"அந்த வெள்ளைத் துணி?"

"தெரியலை."

"கீழ இருக்கறவருக்கு இது தெரியுமுங்களா?"

அன்று முழுவதும் அதைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை. லாரியே கூப்பிடவில்லை என்று என்னிடம் வந்து சொன்னவர். யார் குடிக்கிறார்கள் என்று மேலே பார்க்கச் சொன்னவர். ஊற்று மெலிந்த கோடையில் தன் டேங்க் மட்டும் வழிவதைப் பார்க்கிறவனுக்கு ஒரு கேள்விகூட வராதா? மேல் வீட்டிலிருந்து எடுத்த சந்தேகத்தைக் கீழ் வீட்டில் வைப்பதற்கு எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் மட்டும்.

"கண்ணு எங்க?" என்றாள் மனைவி.

"அம்மா ஊட்ல உட்டுட்டு வந்துட்டோமுங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "இங்க ஊடு கெடைக்கற மாதிரி இல்லீங்க. செம்மநத்தத்துல ஒண்ணு இருக்குதுன்னாங்க, அங்கிருந்து ராத்திரி இவரு எப்படிங்க வேலைக்கு வர்றது? அவளையாச்சும் அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்திரலாம்னு." அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மேலே போகத் திரும்பினாள்.

நான் பேச வேண்டிய நேரம். "கொஞ்சம் மாடிக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன். இருவரும் பயந்தவர்கள் மாதிரி பின்னால் வந்தார்கள். டேங்க் மூடியைத் திறந்து, ஹோஸைக் காட்டி, கீழ் வீட்டைக் காட்டி, துண்டு துண்டாகச் சொன்னேன். மீதியை மனைவி சொன்னாள். அந்தப் பெண் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ வால்வ மூடுனது நீங்க இல்லீங்களா?"

"எந்த வால்வு?"

"எங்க ஊட்டுக்குத் தண்ணி வர்ற வால்வுங்க. சீசனுக்கு எங்களக் கெளப்பறதுக்காக நீங்க மூடி மூடி உடறீங்கன்னுதான் நெனச்சோம். எல்லா ஊட்லயும் அப்படித்தான் பண்றாங்கன்னு ஹோட்டல்ல சொன்னாங்க. அதுக்குத்தான் ட்ரம்மு வாங்கி, வரும்போது புடிச்சு வெச்சுக்கறது. லாரிக்குக் காசு கேட்டப்பவும், கேள்வி கேட்டா காலி பண்ணச் சொல்லிருவீங்கன்னு பேசாமக் குடுத்துட்டேன்."

"அந்த வெள்ளை விரிப்பு?" என்று மனைவி கேட்டே விட்டாள்.

"அது ஹோட்டல்ல கழிச்சுப் போட்டதுங்கக்கா. பகல்ல வெயில் மூஞ்சில அடிக்குது, இவரு தூங்கோணுமே. பால்கனில கட்டி உடறேன். சாயங்காலம் அவுத்து வெச்சர்றேன். ஏனுங்க, அதத் தொவைக்கிறேன்னு நெனச்சீங்களா?"

அவள் கணவர் மெல்லச் சிரித்தார். "அண்ணா, அப்ப அந்தச் சித்தப்பா புள்ள?"

"வரலீங்க" என்றேன்.

"போய்ப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க சாமி" என்றாள் மனைவி அந்தப் பெண்ணிடம். "நாளைக்கே போய்க் கூட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் குழந்தை வந்துவிட்டது. நான் ஹோஸை அப்படியே கழற்றிப் போட்டிருக்கலாம். ஆனால் அவர் பகலில் தூங்க வேண்டும். பித்தளைப் பட்டனுக்குத் துளை போடுகிற ஊசியை அடுப்பில் காய்ச்சி, ஹோஸின் மேல்பகுதியில், தண்ணீர் எட்டாத இடத்தில், நாலைந்து ஓட்டைகள் போட்டேன். இப்போது தண்ணீர் ஏறும்போது அந்த ஓட்டைகளில் கொஞ்சம் பீய்ச்சுகிறது. கீழே திறக்கும்போது அதன் வழியே காற்று நுழைந்து இழுப்பு விட்டுப்போகிறது. சத்தம் இல்லை. கீழ் வீட்டு முறை முடிந்த பிறகு குச்சியை விட்டுப் பார்த்தேன். எங்கள் வீடுகள் செலவழித்தது மட்டும் குறைந்திருந்தது. புது வால்வும் ஒன்று வாங்கி மாட்டினேன். கீழ் வீட்டு முறையன்று அதை மூடுகிறேன். மேட்டு வீட்டுக்காரன் வால்வை மூடுவதை இந்தச் சரிவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கீழ் வீட்டுக்காரர் ஒரு வாரம் படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு காலையில் ரோட்டில் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் கூப்பிடவில்லையே என்று மாடிக்குப் போய்ப் பார்த்தேன். லாரிக்காரர் ஹோஸை எங்கள் வீட்டைத் தாண்டிக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்காரர் தன் டேங்கின் பக்கத்தில் நின்று அண்ணாந்து என்னைப் பார்த்தார். என் கையில் குச்சி இருந்தது.

"ஊத்து வத்திப்போச்சுங்க டெய்லர்" என்று கத்தினார்.

"ஆமாங்க. வெயிலு நொம்ப" என்றேன்.

"உங்களுக்குத் தண்ணி எப்படிங்க இருக்குது?"

"இருக்குதுங்க."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவர் பார்க்கிற பார்வையா, தெரியாதவர் பார்க்கிற பார்வையா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. பக்கத்தில் அந்தப் பெண் பால்கனியில் வெள்ளை விரிப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கீழே பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமுங்களா அண்ணா?"

"யாருக்குங்க தெரியும்" என்றேன். ஏதோ ஒரு பதில்.

அவள் விரிப்பின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைக் குழாய் திறக்கும் சத்தமும், ட்ரம்மில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. மூன்று ட்ரம்களும் இன்னும் இருக்கின்றன, இன்னும் நிரம்பியே இருக்கின்றன. அவற்றைக் காலி செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் குச்சியை அப்புறப்படுத்தவில்லை.